ஓணான் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு எழ மறுக்கிறதா? கிண்ணத்துக்கு வெளியே பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். இரண்டு வயது பியர்டட் டிராகன், வீட்டில் வளர்க்கும் ஆஸ்திரேலிய ஓணான் வகை. இதுவரை தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதது, ஐந்து நாளாகத் தினமும் மூன்று நான்கு மணி நேரம் அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. சில சமயம் தலையையும் தண்ணீருக்குள் விட்டு எடுக்கிறது, உடம்பை உப்ப வைத்துக்கொள்கிறது, சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒருவர் "தாகமாக இருக்கும், விடுங்கள்" என்றார், இன்னொருவர் "கிண்ணத்தையே எடுத்துவிடுங்கள், பழக்கமாகிவிடும்" என்றார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். கிண்ணம் அங்கேயே இருக்கட்டும். நான் 14 வருடமாக ஓணான், பல்லி வகைகளை வளர்க்கிறேன், திடீரென்று தண்ணீரில் போய் உட்காரும் பல்லி தாகத்துக்காக உட்கார்ந்ததை அநேகமாகப் பார்த்ததே இல்லை. சூடு, தோல், வயிறு, இந்த மூன்றில் ஒன்றில்தான் சங்கடம் இருக்கும். கிண்ணத்தை எடுத்துவிட்டால் அந்தச் சங்கடம் போகாது, அது உங்களுக்குச் சொல்ல இருந்த ஒரே வழிதான் போகும்.

தாகம் ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு தவறான எண்ணத்தில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. தவளை தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பல்லி அப்படி இல்லை. பல்லியின் தோலே உடம்புக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கத்தான் இருக்கிறது, செதிலும் அதற்கு அடியில் உள்ள கொழுப்புப் படலமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே இருப்பது வெளியே போகாத தோல் வழியாக வெளியே இருப்பதும் உள்ளே வராது. மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறவைத்தாலும் வாயால் குடித்தால்தான் கணக்கு. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தார்னி டெவில் என்று உடம்பெல்லாம் முள்ளாக ஒரு ஓணான் உண்டு, அது ஈர மணலில் நின்றாலே தண்ணீர் அதன் காலிலிருந்து வாய்வரை ஏறும். அதுகூடத் தோல் குடிப்பது இல்லை. செதில்களுக்கு நடுவே முடியளவு மெல்லிய வாய்க்கால்கள் ஓடுகின்றன, திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை தண்ணீரை இழுத்து வாயோரம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, அது வாயை அசைத்து அசைத்து விழுங்குகிறது.

உங்கள் பியர்டட் டிராகனும் அதே ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த இனம்தான். அதற்கும் மழையில் குடிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே தண்ணீர் தெளித்தால் சில சமயம் பின்புறத்தைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, சறுக்குமரம்போல நிற்கும். முதுகில் விழுந்த தண்ணீர் வழிந்து மூக்குப் பக்கம் வரும், அதை நக்கிக் குடிக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறிப்போவார்கள். அது குடிக்கும் நிலை, அவ்வளவுதான். நக்கி முடித்ததும் தானாகப் பழையபடி நின்றுவிடும், தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

சரி, இப்போது உங்கள் ஓணானுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது சூடு. இன்றைக்கே பாருங்கள்.

பல்லிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயில் காயும் இடத்துக்கும் நிழலுக்கும் நடந்து நடந்துதான் அது சரிசெய்துகொள்ளும். வளர்ந்த பியர்டட் டிராகனுக்கு, அது வாழும் கண்ணாடித் தொட்டியில் விளக்குக்குக் கீழே வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், தொட்டியின் எதிர்முனை 24 முதல் 28 டிகிரி, இந்த அளவில் இருந்தால் நிம்மதியாக இருக்கும். எதிர்முனையும் 33, 34 என்று ஏறிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது, அப்போது தொட்டியிலேயே குளிர்ந்த இடம் தண்ணீர்க் கிண்ணம்தான், அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். சின்னத் தொட்டிகளில் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கும், ஏனென்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவே வித்தியாசம் வருவதற்கான நீளமே அதில் இருக்காது.

என் வீட்டில் ஒரு முறை இதுதான் நடந்தது. விளக்கு பியூஸ் போய்விட்டது, அதே வாட்ஸ் போட்ட வேறு விளக்கு மாட்டினேன், அதே வாட்ஸ்தானே என்று அளந்து பார்க்கவில்லை. மூன்றாவது நாள் ஓணான் தண்ணீரில். கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட முள் மானி 36 என்றது, நானும் அதை நம்பிவிட்டேன். அப்புறம் துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கி, அது உட்காரும் கல்லின் மேல் பிடித்துப் பார்த்தால் 51 டிகிரி! புது விளக்கின் ஒளி ஒரே இடத்தில் குவிந்து விழுந்திருக்கிறது. ஒட்டும் மானி காட்டியது சுவரோரக் காற்றின் சூட்டை, ஓணான் உட்கார்ந்தது கல்லின் மேல். விளக்கை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டினேன், அன்று மாலையே கிண்ணத்தை விட்டு இறங்கி வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், கண்ணாடியில் ஒட்டும் மானியை நம்பாதீர்கள். கல்லின் மேற்பரப்பை அகச்சிவப்பு மானியால் பாருங்கள், குளிர்முனைக் காற்றை, கம்பி நுனியில் உணரி வைத்த டிஜிட்டல் மானியால், தரையிலிருந்து ஓணான் உயரத்தில் பாருங்கள். மதியம் ஒரு முறை, விளக்கு அணைப்பதற்கு முன் ஒரு முறை.

சூடுதான் காரணம் என்பதற்கு இன்னொரு அடையாளம் நேரம். உச்சிப் பகலில் தண்ணீரில் இறங்கி, விளக்கு அணைந்ததும் வெளியே வந்துவிடுகிறது என்றால் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ராத்திரியும் அங்கேயே கிடக்கிறது என்றால் காரணம் வேறு. வாயைத் திறந்து வைத்திருப்பதையும் இப்படித்தான் இடம் பார்த்துப் படிக்க வேண்டும். விளக்குக்கு நேர் கீழே வாயைத் திறந்து உட்கார்வது இயல்பு, உடம்பு போதிய அளவு சூடேறிவிட்டது, கூடுதல் சூட்டை வெளியே விடுகிறது. குளிர்முனையிலோ தண்ணீருக்குள்ளோ வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் அது ஆபத்து.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலரும் கவனிக்காதது. தண்ணீரில் கிடப்பதே அதற்கு ஒரு செலவு. கிண்ணத்துத் தண்ணீர் அறையின் குளிரில் இருக்கும், அதில் நாலு மணி நேரம் கிடந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் செரிமானம் நின்றுபோகும், தின்ற புழுவும் கீரையும் வயிற்றில் அப்படியே கிடக்கும். சாப்பாடு குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது தனி நோயாக இருக்க வேண்டும் என்றில்லை, இந்தக் குளிர்ச்சியின் விளைவாகவும் இருக்கலாம். அதற்காக, பார்த்தவுடன் தூக்கி விளக்குக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். சூடு தாங்காமல்தான் இறங்கியிருக்கிறது என்றால் மறுபடியும் அடுப்பில் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். முதலில் அளந்து பாருங்கள், பிறகு தொடுங்கள்.

சூடு சரியாக இருந்தால் அடுத்தது தோல். சட்டை உரிக்கும் முன் நிறம் மங்கும், வெளிறும், கண் சில நேரம் வீங்கினாற்போலத் துருத்தும், தோல் இறுக்கமாகி அரிக்கும். அந்த நாட்களில் தண்ணீரைத் தேடுவது இயல்புதான், உரிந்து முடிந்ததும் பழையபடி ஆகிவிடும். பியர்டட் டிராகன் பாம்பு மாதிரி முழுச் சட்டையாக உரிக்காது, திட்டுத் திட்டாகத்தான் உரிக்கும், அதனால் இன்றைக்கு முதுகு, அடுத்த வாரம் வால் என்று இழுக்கும். கவனிக்க வேண்டிய இடம் விரல்களும் வால் நுனியும். அங்கே பழைய தோல் மோதிரம்போல இறுகிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அந்த விரலே கருத்து உதிர்ந்துவிடும். கையால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் விட்டு, நனைந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டினால் தானாகக் கழன்று வரும், வராவிட்டால் நாளைக்கு மறுபடியும் செய்யுங்கள்.

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். ஈரப் பாசியோ ஈரக் காகிதத் துண்டோ போட்ட மூடி டப்பா ஒன்றில் வாசல் வெட்டி உள்ளே வைத்துவிட்டால், உரிக்கும் நேரத்தில் அதுவே போய்ப் புகுந்துகொள்ளும். பச்சை இகுவானா மாதிரி மழைக்காட்டு இனங்கள் அடிக்கடி தண்ணீரில் கிடந்தால், காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பியர்டட் டிராகனுக்கு 30, 40 சதவீதமே போதும். கிண்ணத்தில் கிடக்கிறதே என்று தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டீர்கள் என்றால் நுரையீரல் தொற்றை நீங்களே வரவழைத்த மாதிரி ஆகும்.

தோலில் இன்னொரு காரணம் உண்ணி. உங்கள் கேள்வியில் "தலையையும் தண்ணீருக்குள் விடுகிறது" என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். மிளகுத் தூளில் ஒரு துகள் அளவுதான் இருக்கும், கறுப்பாகவோ செந்நிறமாகவோ. செதிலுக்கு அடியில், அக்குளில், காதோரம், தாடைக்குக் கீழே, கண்ணைச் சுற்றி ஒளிந்துகொண்டு ரத்தம் குடிக்கும். பல்லி தண்ணீரில் இறங்கினால் உடம்பில் இருப்பவை மூழ்கும், மற்றவை மேலே ஏறித் தலைக்கு ஓடிவரும், அதனால்தான் அது தலையையும் உள்ளே விட்டு எடுக்கிறது.

நான் முதன்முதலில் கண்டுபிடித்தது கிண்ணத்தில்தான். வெளியிலிருந்து வந்த ஒரு இகுவானா, இரண்டு நாளாகத் தண்ணீரிலேயே கிடந்தது, உடம்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீரை மாற்றக் கிண்ணத்தை எடுத்தேன். கரும்பச்சைக் கிண்ணம், அதில் எதுவும் தெரியாது. தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினேன், அடியில் ஏழெட்டுப் புள்ளிகள் தங்கின, மண் என்று நினைத்தேன். வெள்ளைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு புள்ளி நகர்ந்தது. நகத்தால் அழுத்தியதும் காகிதத்தில் துருச் சிவப்பில் ஒரு கறை. அன்றிலிருந்து வெள்ளைக் கிண்ணம்தான் வைக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உண்ணி இருந்தால் ஓணானை மட்டும் கழுவிப் பயனில்லை. அவை முட்டையிடுவது தொட்டியின் இடுக்குகளில், மரக்கட்டையின் வெடிப்புகளில். அடியில் போட்டதை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் காகிதம் விரித்து, கட்டைகளை வெளியேற்றி, மூலை மூலையாகத் துடைக்க வேண்டும், சில வாரம் விடாமல். மருந்துக்கு ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாய், பூனைக்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தை எக்காரணம் கொண்டும் தடவாதீர்கள். அளவு தெரியாமல் தடவி உண்ணியோடு ஓணானும் போன வீடுகள் உண்டு.

மூன்றாவது வயிறு, இங்கேதான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது எச்சம் போட்டது? வளர்ந்த ஓணான் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போனாலும் சரிதான், அதன் வழக்கம் மாறியிருக்கிறதா என்பதே கேள்வி. மலச்சிக்கலில் தண்ணீரைத் தேடும், வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் ஐந்தாவது நிமிடமே எச்சம் போட்டுவிடும் ஓணான்கள் நிறைய. சில ஓணான்களுக்கு அதுவே பழக்கமாகித் தண்ணீரில்தான் போகும், அது நோயில்லை, கிண்ணத்தை உடனே கழுவ வேண்டும் என்பதுதான் வேலை. ஆனால் ஒரு வாரமாகப் போகவில்லை, வயிறு கெட்டியாக இருக்கிறது, பின்னங்கால் இழுக்கிறது என்றால், மணலோ பெரிய பூச்சியின் ஓடோ குடலில் அடைத்திருக்கலாம், குளிப்பாட்டிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. எச்சம் நீர்த்து நாற்றமடித்தால் குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

பிறகு முட்டை. நீங்கள் கேள்வி முழுக்க "அவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாக ஆண்தானா? குட்டியில் வாங்கும்போது சொல்லப்படும் ஆண், பெண் கணக்கு பாதி ஊகம்தான். வாலை மெதுவாகத் தூக்கி, எச்சத் துவாரத்தை அடுத்து வால் அடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு மேடு, நடுவே பள்ளம் என்றால் ஆண். நடுவில் ஒரே ஒரு மேடு, அல்லது தட்டை என்றால் பெண். பெண்ணாக இருந்தால் இந்த வயதில் ஆணே இல்லாமலும் முட்டை வைக்கும், கோழி வைப்பது மாதிரி, குஞ்சு பொரிக்காத முட்டைகள். முட்டை சுமக்கும்போது சாப்பாட்டைக் குறைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், மூலையைக் கீறும், தண்ணீரில் போய் உட்காரும். நீங்கள் சொன்னதில் சாப்பாடு குறைந்ததும் தண்ணீரில் உட்காருவதும் இதோடு பொருந்துகின்றன.

என்னிடம் வந்த ஒன்றை மூன்று வருடம் எல்லோரும் ஆண் பெயர் வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கிண்ணத்தில் கிடந்தது, எடுத்துக் கையில் வைத்தால் விலாவுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் திராட்சைக் கொத்துபோல உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமண்ணும் மணலும் கலந்து, குகை தோண்டினால் இடிந்து விழாத பதத்தில், 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு உள்ளே இறக்கினோம். அரை மணி நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் தலைகீழாக இறங்கித் தோண்ட ஆரம்பித்தது, வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. சாயங்காலம் மண்ணை மூடி, மூக்கால் தட்டிச் சமன் செய்துவிட்டு, இளைத்துப் போய் வெளியே வந்தது, தோண்டிப் பார்த்தால் 19 முட்டை. அதற்கு அப்புறம் அந்த வருடம் அது கிண்ணத்தில் உட்காரவே இல்லை. தோண்ட இடம் கிடைக்காத பெண் முட்டையை அடக்கிவைத்துக்கொள்ளும், அது உள்ளேயே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முக்குகிறது ஆனால் வரவில்லை, சோர்ந்து கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இதுவரை சொன்னது தண்ணீரில் உட்காருவதைப் பற்றி. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பது வேறு விஷயம், இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சட்டை உரித்த பிறகும் முட்டையிட்ட பிறகும் நிறையக் குடிப்பது சரி. காரணமில்லாமல் நாள்தோறும் குடிக்கிறது, இளைக்கவும் செய்கிறது என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், முக்கியமாக வயதான ஓணானில். எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், அதுதான் பல்லியின் சிறுநீர், தண்ணீரை வீணாக்காமல் கழிவை வெளியேற்றும் வழி. அது வெள்ளையாக, மென்மையாக இருந்தால் நல்லது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, சுண்ணாம்புக் கட்டி மாதிரி கெட்டியாகவோ இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. இந்த நிலை நீடித்தால் யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிந்து கவுட் என்ற நோய் வரும், வீங்கிய விரலோடு நடக்க முடியாமல் கிடக்கும், அதைப் பார்ப்பது பெரிய வேதனை. இலை தழை தின்னும் பச்சை இகுவானாவுக்கு இறைச்சியும் பூச்சியுமாகக் கொடுப்பவர்கள் இதைத்தான் வரவழைக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம், தண்ணீரே குடிப்பதில்லை என்ற கவலை. அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பல இனங்கள் தண்ணீர் என்றே அறிவதில்லை. பச்சோந்தி இலையில் தொங்கும் துளியை நக்கும், பக்கத்தில் கிண்ணம் நிறைய இருந்தாலும் வறண்டு போகும், அதற்குச் சொட்டு நீர் அமைப்பும் நிறையத் தெளிப்பும் வேண்டும். கண் குழி விழுந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். கெக்கோ வகைகள் பலவும் சுவரில் படிந்த துளியைத்தான் நக்கும். பியர்டட் டிராகனுக்கு மூக்கு நுனியில் ஒரு சொட்டு விடுங்கள். முதல் சொட்டு வழிந்து போகும், இரண்டாவதும் போகும், மூன்றாவது சொட்டுக்கு நாக்கு வெளியே வரும், அதன் பிறகு நிறுத்தாமல் இரண்டு நிமிடம் குடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சை வாய்க்குள் நுழைத்து அழுத்தாதீர்கள், தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். கீரையைக் கழுவி உதறாமல் ஈரத்தோடு கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இகுவானா தும்மித் தும்மி, கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். அது உப்பு. மூக்கில் உள்ள சுரப்பி வழியாகக் கூடுதல் உப்பை வெளியேற்றுகிறது. நோயில்லை, துடைத்துவிடுங்கள்.

உடம்பை உப்ப வைப்பது பற்றிக் கேட்டீர்கள். தண்ணீரில் பியர்டட் டிராகன் காற்றை இழுத்து மிதக்கப் பார்க்கும், அதுவே பயத்திலும் செய்யும். தாடி எனப்படும் தொண்டைத் தோல் கருப்பாகிறதா, வயிற்றில் கரும்பட்டைகள் தெரிகின்றனவா, சுவரைப் பிறாண்டி வெளியே ஏறப் பார்க்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் பயம், உடனே எடுங்கள். நிறம் மாறாமல் கால்களைத் தளர்த்தி மிதந்தால் பரவாயில்லை. முங்கிக் கிடப்பதில் இனத்துக்கு இனம் மலையளவு வித்தியாசம். வாட்டர் டிராகனும் பசிலிஸ்க்கும் பயந்தால் தண்ணீரில் குதித்து ஒளியும் இனங்கள். கோஸ்டா ரிக்காவின் ஓடைகளில் வாழும் ஒரு அனோல் பல்லி, மூக்கின் மேல் காற்றுக் குமிழியை ஒட்டவைத்து அதையே இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, கால் மணி நேரத்துக்கு மேல் அடியில் இருக்கும். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு பியர்டட் டிராகனையோ லெப்பர்ட் கெக்கோவையோ ஆழத்தில் விடுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அவை மூழ்கிச் செத்துப்போகும். குளிப்பாட்டும் தண்ணீர் முன்னங்கால் முழங்கை அளவுக்கு மேல் வேண்டாம், சூடு 30 டிகிரியை ஒட்டி, 15 நிமிடம், கண் எடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் நன்றாகத் துவட்டி விளக்குக்கு அருகே விடுங்கள்.

காத்திருக்கவே கூடாத சில அடையாளங்கள் உண்டு. மூக்கிலோ வாயிலோ குமிழி வருவது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்து நீந்துவது, தலையை அண்ணாந்தபடியே வைத்திருப்பது, விரலும் காலும் தன்னால் துடிப்பது, பின்னங்கால் இழுபடுவது, கையில் எடுத்தால் துவண்டு கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அளப்பதையும் குளிப்பாட்டுவதையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இது. இன்று இரவு கிண்ணத்தை வெள்ளையாக மாற்றி, தரையில் வெள்ளைக் காகிதம் விரிப்பேன், உண்ணி இருந்தால் காலையில் தெரிந்துவிடும், எச்சமும் தெளிவாகத் தெரியும். நாளை மதியம் இரண்டு முனையும் அளப்பேன். வால் அடியைப் பார்ப்பேன், விலாவுக்குப் பின்னால் விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன், பெண் என்றால் மண் பெட்டி உடனே. சமையலறைத் தராசில் எடை போட்டுத் தேதியோடு எழுதிவைப்பேன், வாரம் ஒரு முறை. கிண்ணத் தண்ணீரைத் தினமும் மாற்றி, கிண்ணத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, கையையும் கழுவிக்கொள்வேன். ஊர்வன எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், ஓணான் நலமாகவே இருந்தாலும் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் கறாராக இருங்கள், அந்தக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே வேண்டாம்.

இதெல்லாம் பார்த்து எதிலும் பழுது இல்லை, மூன்று நாள் கழித்தும் தண்ணீரிலேயே கிடக்கிறது, அல்லது எடை குறைகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அன்றைய புது எச்சத்தை ஒரு ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், நேரமாகும் என்றால் பையை இன்னொரு டப்பாவுக்குள் மூடி, உணவுப் பொருளோடு சேராமல் குளிரில் வைத்திருங்கள். தொட்டியை முழுதாக ஒரு படம், விளக்கின் பெட்டியை ஒரு படம், அது தண்ணீரில் கிடப்பதை ஒரு நிமிடக் காணொளி, எடை எழுதிய தாள், இவையும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் மருத்துவமனை மேஜையில் வைத்ததும் அது சிலைபோல நின்றுவிடும், வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது.

நாளை மதியம் அளந்த சூட்டையும், வால் அடிப் படத்தையும் இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.